மூன்று கொப்பி நிறையத் தகவல். ஒரு கிலோ மிளகு அரைபடவில்லை

என்னுடைய தங்கையின் மகன் ஒருவன் இருக்கிறான். வயது இருபத்தாறு. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு யட்டவத்தையிலுள்ள எனது கடைக்கு வந்தான். கையில் மூன்று சீ.ஆர். கொப்பிகள். மேசையில் வைத்து, "மாமா, ஒருக்கா பாருங்க" என்றான்.

பார்த்தேன். உண்மையிலேயே பிரமித்துப் போனேன். மிளகுத் தூள் உற்பத்தி செய்து பக்கெட் போட்டு விற்பதற்கான திட்டம் அது. சுத்தியல் ஆலை நல்லதா, பின் ஆலை நல்லதா என்பதற்குப் பத்துப் பக்கம். சீன இயந்திரத்தின் விலை ஒரு பக்கம், இந்திய இயந்திரத்தின் விலை எதிர்ப்பக்கம். வெள்ளை மிளகு செய்வது எப்படி, எஸ்.எல்.எஸ். சான்றிதழ் எடுப்பது எப்படி, ஜேர்மனியில் சேதன மிளகுக்கு என்ன கேட்கிறார்கள், பக்கெட்டுக்குள் நைதரசன் அடைப்பது எதற்கு... எல்லாம் அழகான கையெழுத்தில். யூடியூபில் பார்த்த காணொளிகளுக்கு இலக்கம் போட்டு வைத்திருந்தான். நான்கு வட்ஸ்அப் குழுக்களில் அங்கத்தவன். இரண்டு பயிற்சி நெறிகளுக்கும் போய் வந்திருக்கிறான்.

"எவ்வளவு காலமா மகன் இதைச் செய்றாய்?"

"ரெண்டு வருசம் மாமா."

"சரி. இது வரைக்கும் எத்தனை கிலோ அரைச்சுப் பார்த்தாய்?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். "இன்னும் கொஞ்சம் விசயம் தேட ஈக்கி மாமா."

மிளகு கொடிகொடியாகத் தொங்கும் ஊரில், சாக்குச் சாக்காக மிளகு வாங்கி விற்கும் மாமாவின் கடைக்கு நூறு யார் தள்ளி இருந்துகொண்டு, இரண்டு வருடத்தில் ஒரு கிலோ மிளகை ஆலைக்கு எடுத்துச் செல்லவில்லை. வாசகர்கள் சிரிக்கக்கூடும். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவனுடைய மாமா அதைவிடப் பெரிய வேலை செய்தவர்.

பதினெட்டுச் சாக்கு

2016ஆம் ஆண்டு மிளகு விலை நன்றாக இருந்தது. கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி நின்ற காலம். மாத்தளை மாவட்டத்தில் மிளகு வைத்திருந்தவர்கள் வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள், மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். எனது களஞ்சியத்தில் அப்போது பதினெட்டுச் சாக்கு, ஏறத்தாழ 900 கிலோ, நன்றாகக் காய்ந்த மிளகு இருந்தது. 1,200 ரூபாய்க்குக் கேட்டார்கள். கொடுத்திருக்கலாம்.

நான் என்ன செய்தேன்? "விசாரித்துப் பார்ப்போம்" என்றேன். காலையில் புறக்கோட்டைக்கு ஒரு அழைப்பு. பத்து மணிக்குக் கண்டிக்கு ஒரு அழைப்பு. பின்னேரம் மாத்தளை நகரில் இரண்டு பேரிடம். இரவில் மகனைக் கொண்டு இணையத்தில் வியட்நாம் விலை, கொச்சின் விலை. ஒருவர் ஏறும் என்பார், ஒருவர் இறங்கும் என்பார், மூன்றாமவர் இந்தியாவில் பெருநாள் வருகிறது பொறுத்திருங்கள் என்பார். ஒவ்வொருவரும் காரணத்தோடுதான் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்கு விசயம் கூடியது. ஆனால் சாக்கு அசையவில்லை.

நடந்தது என்ன என்று இன்று எல்லோருக்கும் தெரியும். உலகில் அதிகமாக மிளகு விளைவிக்கும் வியட்நாமில் விளைச்சல் பெருகியது. உலகச் சந்தையில் விலை சரிந்தது. 2017 டிசம்பரில் இந்தியா, கிலோ 500 இந்திய ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்வதற்குத் தடை போட்டது. வெளிநாட்டு மிளகை இங்கே இறக்கி, இலங்கை மிளகு என்று இந்தியாவுக்கு ஏற்றுகிறார்கள் என்ற முறைப்பாடு இரு நாட்டு விவசாயிகளிடமிருந்தும் கிளம்பியது. மீள் ஏற்றுமதிக்கென்று மிளகு கொண்டுவருவதை நமது அரசாங்கம் 2019 இறுதியில்தான் நிறுத்தியது. அதற்குள் தோட்டத்து விலை பாதிக்கும் கீழே போயிருந்தது. நான் 2019இல் 560 ரூபாய்க்குக் கொடுத்தேன். 900 கிலோவுக்குக் கிலோவொன்றுக்கு 640 ரூபாய் வித்தியாசம். ஐந்து இலட்சத்து எழுபத்தாறாயிரம். சாக்கை எலி கடித்தது வேறு கணக்கு.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது நட்டம் அல்ல. விலை விழும் என்று யாரும் எனக்குச் சொல்லாமல் இருக்கவில்லை, சொன்னார்கள். ஆனால் ஏறும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இருபது தகவலில் பத்து இப்படி, பத்து அப்படி என்றால் இருபத்தோராவது தகவலைத் தேடுவதுதான் மனித மனம். அது வேலை செய்வது போலவே இருக்கும். களைப்பும் வரும். இரவில் படுக்கும்போது இன்றும் வியாபாரத்தைக் கவனித்தோம் என்ற திருப்தியும் வரும்.

கூடுவது நம்பிக்கை மட்டுமே

அமெரிக்காவில் போல் ஸ்லோவிக் என்ற உளவியலாளர் 1970களின் தொடக்கத்தில் செய்த ஒரு பரிசோதனையைப் பற்றிப் பின்னர்தான் அறிந்தேன். குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை வெல்லும் என்று கணிப்பதையே தொழிலாகக் கொண்ட எட்டுப் பேரை அழைத்தார். (பந்தயம் நமக்கு ஹராம், பரிசோதனையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.) முதலில் ஒவ்வொரு குதிரை பற்றியும் ஐந்து தகவல்களை அவர்களே தெரிவுசெய்து பார்த்துக் கணிக்க வேண்டும். பிறகு பத்து, பிறகு இருபது, கடைசியில் நாற்பது தகவல்கள்.

ஐந்து தகவலோடு அவர்கள் எவ்வளவு சரியாகச் சொன்னார்களோ, நாற்பது தகவலோடும் ஏறக்குறைய அவ்வளவுதான் சரியாகச் சொன்னார்கள். மாறியது ஒன்றே ஒன்று: "நான் சொல்வது சரி" என்ற அவர்களுடைய நம்பிக்கை. அது மட்டும் தகவல் கூடக் கூட ஏறிக்கொண்டே போனது.

இதை வாசித்தபோது எனக்குக் கொழும்புக்கும் கண்டிக்கும் எடுத்த தொலைபேசி அழைப்புகள்தான் ஞாபகம் வந்தன.

இன்னொரு ஆய்வு கடைக்காரர்களுக்குப் பரிச்சயமாக இருக்கலாம். 2000ஆம் ஆண்டு ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இருவர் வெளியிட்டது. கலிபோர்னியாவில் ஒரு கடையில் ஒரு நேரம் 24 வகை ஜேம் போத்தல்களையும், இன்னொரு நேரம் 6 வகைகளையும் பரப்பி வைத்தார்கள். 24 வகைக்கு முன்னால் கூட்டம் கூடியது. ஆனால் அங்கு நின்றவர்களில் 100க்கு 3 பேரே வாங்கினார்கள். 6 வகைக்கு முன்னால் நின்றவர்களில் 100க்கு 30 பேர். பிறகு பலர் இதே மாதிரி செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் இந்த முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2010இல் ஐம்பது பரிசோதனைகள் அளவில் சேர்த்துப் பார்த்தவர்கள், சராசரியாக எடுத்தால் வித்தியாசம் பூச்சியத்துக்குக் கிட்ட என்றார்கள். ஆகவே நாளைக்கே ராக்கையில் உள்ள பிஸ்கட் வகைகளைக் குறைத்துவிடாதீர்கள். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் வருபவர் அதிக வகைகளைக் கண்டால் திண்டாடுவார் என்பது நாம் தினமும் கடையில் காண்பதுதானே. துணிக்கடை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், பெருநாள் காலத்துக் கதைகள் சொல்வார்கள்.

பொருளியலுக்காக 1978இல் நோபல் பரிசு பெற்ற ஹேர்பட் சைமன், தகவல் பெருகினால் குறைவது மனிதனின் கவனம் என்று 1971இலேயே எழுதிவிட்டார். அப்போது இணையமும் இல்லை, கைத்தொலைபேசியும் இல்லை. ஆக மிகச் சிறந்ததைத் தேடிக்கொண்டே இருக்காமல், இது போதும் என்று ஒரு மட்டத்தை முன்கூட்டியே வகுத்து, அதை எட்டியது கிடைத்தவுடன் எடுத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பதுதான் மனிதனால் இயன்றது என்பது அவர் ஆராய்ந்து சொன்ன விசயம். நமது வாப்பாமார் மாடு வாங்கப் போனது அப்படித்தான். பல்லைப் பார்ப்பார்கள், காலைப் பார்ப்பார்கள், விலை பேசுவார்கள். அந்தியில் மாட்டோடு வீட்டுக்கு வருவார்கள்.

"நிலைமை சரியாகட்டும்"

எமது வியாபாரிகளிடம் தகவல் தேடுவதற்கு அடுத்தபடியாக உள்ள நோய் இது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. காரணம் இருந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற பிரசாரத்தை நாம் அனுபவித்தோம். அந்த நேரத்தில் புதிய கடை திறக்க யாருக்கு மனம் வரும்? நிலைமை சரியாகட்டும் என்றோம். 2020இல் கொரோனா வந்தது, சரியாகட்டும் என்றோம். 2021 ஏப்ரலில் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினார்கள். நவம்பரில் திருப்பிக் கொடுத்தார்கள். சரியாகட்டும் என்றோம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை.

இந்த நான்கு வருடத்தில் நடந்தவற்றில் எதையாவது, எந்த நிபுணராவது, திகதி போட்டு முன்கூட்டிச் சொன்னாரா? அவ்வளவு தகவல் தேடியவர்களில் யாருக்காவது கொப்பியில் இருந்ததா?

அதற்கிடையில் ஒன்று நடந்தது. "முடிவெடுக்கும் வரைக்கும் பேங்கில் கிடக்கட்டும்" என்று வைத்திருந்த காசு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஒரு வருடம் முன்பு நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு ஏறத்தாழ நூற்றெழுபது ரூபாய். எனக்குத் தெரிந்த ஒருவர் அரைக்கும் இயந்திரம் வாங்க ஆறு இலட்சம் சேர்த்து வைத்து, எதை வாங்குவது என்று 2020இலிருந்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். 2022இல் அதே இயந்திரத்தின் விலை கேட்டபோது, அவரிடம் இருந்த காசுக்கு மோட்டார்தான் வரும் என்றார்கள். அவர் எந்த முடிவும் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் ரூபாயை வைத்திருப்பது என்ற முடிவை ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்டிருந்தார்.

அதே 2022இல் ரூபாய் விழுந்ததால் ஏற்றுமதிப் பொருளான மிளகுக்கு ரூபாய்க் கணக்கில் விலை ஏறியது. 2019இல் விலை இல்லை என்று வெறுத்துப் போய்க் கொடியைக் கவனிக்காமல் விட்டவர்கள், புதரை வெட்டிக்கொண்டு கொடியைத் தேடினார்கள். கிலோ 500 விற்றபோதும் பசளை போட்டு, நிழல் மரத்தின் கொப்பை வெட்டிவிட்டுக்கொண்டிருந்த சிலரை எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரியும். அவர்கள் வியட்நாம் விலை பார்த்தவர்கள் அல்லர்.

பாய்வதும் வேலைக்காகாது

இதை வாசித்துவிட்டு யாராவது இருந்த காசையெல்லாம் எடுத்துக்கொண்டு நாளைக்கே ஓடினால் பழி என் தலையில் விழும். ஆகவே மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

2003, 2004ஆம் ஆண்டுகளில் வனிலா விலை உலகச் சந்தையில் கிலோ 500 டொலர் வரை போனது. மடகஸ்கரில் சூறாவளி, பயிர் அழிவு. கேரளாவிலும் கர்நாடகத்திலும் ஆயிரக்கணக்கானோர் மற்றப் பயிரைப் பிடுங்கிவிட்டு வனிலா வைத்தார்கள். எங்கள் மலைநாட்டுப் பக்கத்திலும் ஆசைப்பட்டவர்கள் உண்டு. வனிலாக் கொடி காய்க்க மூன்று வருடம் வேண்டும். காய்த்தபோது விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. அவர்கள் தயங்கவில்லை. உடனே செயலில் இறங்கினார்கள். ஆனால் முழுத் தோட்டத்தோடு இறங்கினார்கள்.

பிரமிட் திட்டங்களில் காசு போட்ட நம்மவர்களும் அப்படித்தான். அங்கே தேட வேண்டிய தகவல் ஒன்றே ஒன்றுதான். தடைசெய்யப்பட்ட திட்டங்களை நடத்திய நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கி பட்டியலாக வெளியிட்டிருக்கிறது. ஐந்து நிமிட வேலை. வருடக்கணக்கில் மிளகு விலை விசாரிக்கும் மனிதர், அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காமல் மச்சான் சொன்னார் என்று பத்து இலட்சத்தைக் கொடுத்துவிடுகிறார். இது எனக்கு இன்று வரை புரியாத புதிர்.

அப்படியானால் எதற்கு யோசிப்பது, எதற்கு யோசிக்காமல் இருப்பது? அமேசான் நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ், தனது பங்குதாரர்களுக்கு 2015ஆம் ஆண்டுக்காக எழுதிய கடிதத்தில் முடிவுகளைக் கதவுகளாகப் பிரித்திருந்தார். சில கதவு வழியாகப் போனால் திரும்பி வர முடியாது; அதற்கு ஆறுதலாக, நிறைய யோசிக்க வேண்டும். பெரும்பாலானவை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரக்கூடியவை. அவற்றை விரைவாக எடுத்துவிட வேண்டும். நமக்குச் சொல்வதானால், காணியை ஈடு வைத்துக் கடன் எடுப்பது முதல் வகை. பங்குக்கு ஆள் சேர்ப்பதும் முதல் வகை. அதற்கு எழுத்தில் உடன்படிக்கை வேண்டும், அவசரம் கூடாது. ஐந்து கிலோ மிளகு அரைத்துப் பார்ப்பது இரண்டாம் வகை. எமது தவறு, ஐந்து கிலோவுக்குக் காணி விற்பது போல யோசிப்பது. காணி விற்பதற்கு ஐந்து கிலோ போலக் கையொப்பமிடுவது.

எனது மிளகுக்கு நான் இப்போது வைத்திருக்கும் ஒழுங்கு இதுதான். வாங்கியதில் மூன்றில் ஒன்றை அறுவடைக் காலத்திலேயே, என்ன விலையானாலும் கொடுத்துவிடுவேன். அது தோட்டக்காரருக்குக் கொடுக்கவும் அடுத்த கொள்வனவுக்கும். இன்னொரு பங்குக்கு நாட்காட்டியில் ஒரு திகதி குறித்து வைப்பேன். அன்று உள்ள விலைக்குப் போகும். மூன்றாம் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு விலை பார்ப்பேன், எல்லா வியாபாரிக்கும் கொஞ்சம் ஆசை இருக்கும்தானே. இதனால் உச்ச விலை முழுவதற்கும் எனக்கு ஒருபோதும் கிடைக்காது. 2016 போல ஒரு வருடமும் வராது. விசாரிப்பது இரண்டே பேரிடம், வாரத்தில் ஒரு நாள்.

மஷூராவும் இஸ்திகாராவும் நமக்கு இருக்கின்றன. ஆனால் அவற்றையும் நாம் தள்ளிப்போடும் கருவியாக்கிவிட்டோம். ஆல இம்ரான் அத்தியாயத்தில் கலந்தாலோசிப்பதும், அதன் பின் உறுதிகொள்வதும், உறுதிகொண்ட பின் அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டுவதும் வரிசையாக வருகின்றன. நாம் கலந்தாலோசனையிலேயே வருடக்கணக்கில் நின்றுவிடுகிறோம். இஸ்திகாராத் தொழுதுவிட்டுக் கனவுக்காகக் காத்திருப்பவர்களையும் கண்டிருக்கிறேன். கனவு வர வேண்டும் என்பது நிபந்தனையே அல்ல என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள்.

மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களின் வரலாறு நாம் அறிந்தது. அன்சாரித் தோழர் சஅத் இப்னு ரபீஃ (ரழி) தனது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது அவர் அதை ஏற்கவில்லை, சந்தை எங்கே என்றுதான் கேட்டார். பனூ கைனுகா சந்தையைக் காட்டினார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யுமாகக் கொஞ்சம் கொடுக்கல் வாங்கல் செய்தார். பின்னாளில் பெரும் செல்வந்தர். ஆனால் நான் கவனிப்பது அந்த முதல் நாளை. புதிய ஊர், பழக்கமில்லாத சந்தை. கேட்டது ஒரே ஒரு தகவல்.

ஆலையில் கிடைத்த பாடம்

மருமகனிடம் வருவோம். கொப்பிகளை நான் வாங்கி லாச்சிக்குள் வைத்துக்கொண்டேன். ஐந்து கிலோ மிளகை நிறுத்துக் கொடுத்தேன். கடனுக்குத்தான், சும்மா கொடுத்தால் பெறுமதி தெரியாது. "வெள்ளிக்கிழமைக்குள்ள இதைத் தூளாக்கிக் கொண்டுவா" என்றேன்.

கூலிக்கு அரைக்கும் ஆலைக்குப் போனான். கொண்டுவந்த தூளில் மிளகாய் வாசம். அவனுக்கு முன்னால் யாரோ செத்தல் மிளகாய் அரைத்திருக்கிறார்கள். இத்தனை காணொளிகளில் ஒன்றிலும் இது இல்லை. அடுத்த முறை காலையில் ஆலை திறக்கும்போதே போய், முதலில் ஒரு கொத்து அரிசியை ஓட்டிக் கழுவிவிட்டுப் பிறகு மிளகைப் போட்டான். வாசம் போய்விட்டது. ஆனால் இரண்டு நாளில் தூள் கட்டிபட்டது. மிளகு காய்ந்தது போதாது. சாக்கிலிருந்து எடுத்ததை அப்படியே அரைத்திருக்கிறான், இங்கு மழைக்காலம். மூன்றாம் முறை இரண்டு நாள் வெயிலில் போட்டு, பல்லால் கடித்தால் டக்கென்று உடைகிறதா என்று பார்த்து அரைத்தான். ஐந்து கிலோவுக்கு இருநூறு கிராம் ஆலையிலும் சல்லடையிலும் போனது. அந்த இருநூறு கிராமை விலையில் சேர்க்க வேண்டும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

லேபல் இல்லாமல் கடைகளுக்குக் கொடுப்பது சட்டப்படி கூடாது. ஆகவே முதல் தூளைச் சொந்தக்காரர் வீடுகளுக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் காசு வாங்காமல் கொடுக்கச் சொன்னேன். வீடுகளில் நல்லது என்றார்கள். சொந்தக்காரர் அப்படித்தான் சொல்வார்கள். சாப்பாட்டுக் கடை முதலாளி மட்டும் முகத்தைச் சுளித்தார். "தம்பி, இது மா மாதிரி ஈக்கி. கொத்துக்கும் பொரியலுக்கும் எங்களுக்குக் குறுணலா வேணும். அப்படித் தாறியா, கிழமைக்கு ரெண்டு கிலோ எடுக்கிறேன்."

மூன்று கொப்பியிலும் தேடினேன். குறுணல் மிளகு என்று ஒரு வரி கூட இல்லை. எல்லாம் எப்படி மேலும் மேலும் நைசாக அரைப்பது என்றே இருந்தது.

இப்போது பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டான். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, சுவருக்கு டைல்ஸ் அடிக்கவும் ஜன்னலுக்கு வலை போடவும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தராசுக்கு முத்திரை வைத்தாகிவிட்டது. மூன்று சாப்பாட்டுக் கடைகள் குறுணல் எடுக்கின்றன. ஒன்று காசு தர இழுத்தடிக்கிறது. அந்தப் பாடத்தையும் எந்தப் பயிற்சி நெறியும் நடத்தியிருக்காது. இலாபம் என்று பெரிதாக இன்னும் இல்லை. என் கடன் கொப்பியில் அவன் பெயரில் பதினொரு கிலோ மிளகுக்கான காசு பாக்கி.

போன வாரம் வந்து, பக்கெட் ஒட்டும் இயந்திரம் வாங்க வேண்டும், இணையத்தில் ஒன்பது வகை இருக்கிறது, எது நல்லது என்று கேட்டான். மாத்தளையில் இன்றைக்குக் கையில் எது கிடைக்கிறது என்று கேட்டேன். இரண்டு இருக்கிறதாம். பின்னேரத்துக்குள் ஒன்றோடு வந்தான்.